தலைக் கயிறு

எடின்பரோ
9 பிப்ரவரி 1984

நெட்டா இம்லாக்குக்கு,

அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாளே இதை எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் எழுதினால் நடை கெட்டுவிடும் என்பதால் ஆறட்டும் என்று காத்திருந்தேன். கோபம் ஆறவில்லை; நடை மட்டும் திரும்பிவிட்டது.

முதலில் கயிற்று விஷயம். வடக்கே நம் பக்கத்தில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பது என்பது தற்செயலாக நடப்பதல்ல. தலைமாட்டுக் கயிறு, இறந்தவருக்கு எல்லாரினும் நெருங்கிய உறவுக்கு உரியது. பெண்கள் கயிறு பிடிப்பதில்லை என்ற பழைய வழக்கத்தை மதித்து நான் பின்னால் நின்றேன். நீ மதிக்கவில்லை. பக்கத்துக் கார்ன்ஹில் பண்ணைக்காரர் அதை உன் கையில் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அவர் கொடுத்தார் என்பது சாக்கு ஆகாது; மறுப்பதற்கு உனக்கு வாய் இருந்தது. உடன்பிறந்தவள் சேற்றில் நிற்க, வீட்டுவேலைக்கு வந்தவள் என் அண்ணனைத் தலைமாட்டில் நின்று மண்ணுக்குள் இறக்கினாள். எழுபத்து நான்கு வயதில் இப்படியொரு காட்சியைப் பார்க்க நான் ரயிலேறி வந்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, அலிக் உயில் எழுதவில்லை. மனைவியோ மக்களோ இல்லாததால் பிளேர்டாக் பண்ணை சட்டப்படி எனக்கு வருகிறது. நான் மாடு வளர்க்கப் போவதில்லை, விற்கிறேன். மே மாதத் தவணை நாளில் நீ வீட்டைக் காலி செய்ய வேண்டும். பண்ணையாட்கள் இடம் மாறும் நாள் அதுதான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நற்சான்று எழுதித் தருகிறேன். உன் ஓட்ஸ் ரொட்டியைப் பொறுத்தவரை நான் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

மூன்றாவது, ஒரு வேலை. பிளேர்டாக்கில் குடியிருந்தவர்கள் அனைவரையும் பழைய ஆவணங்களிலிருந்து தேடி எழுதிவருகிறேன் என்பது உனக்குத் தெரியும். என் காகிதங்களின் மேல் முட்டைக்கூடையை வைத்தவள் நீதான். வாசலுக்கு மேலே உள்ள கல்லில் நடுவில் 1731 என்ற ஆண்டு. இடப்பக்கம் ஜான் எஸ்லமாண்டின் பெயரெழுத்துகள். வலப்பக்கம் மனைவியின் எழுத்துகள் இருக்கவேண்டிய இடம் உளியால் கொத்தப்பட்டிருக்கிறது. வீடு கைமாறுமுன் அந்தக் கல்லின்மேல் காகிதத்தை ஒட்டிக் கருமெழுகால் தேய்த்து, எழுத்துகளின் அச்சை எடுத்து அனுப்பு. காகிதமும் மெழுகும் தனியே வருகின்றன.

கிரிசல் எஸ்லமாண்ட்

---

பிளேர்டாக்
17 பிப்ரவரி

மிஸ் எஸ்லமாண்ட் அவங்களுக்கு,

உங்க கடுதாசி வந்துச்சு. தபால்காரர்கிட்ட வாங்கும்போதே சில்லுனு இருந்துச்சு, பனின்னு நெனச்சேன்.

கயிற நான் கேக்கல. நானும் பின்னாடிதான் நின்னேன். கார்ன்ஹில்காரர் நேரா எங்கிட்ட வந்து, "பிடிம்மா, இது ஒன்னோடது, இதுல வேற பேச்சே இல்ல"ன்னு கையில வச்சாரு. சுத்தி நின்ன ஆம்பளைங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. நான் வேணாம்னு இழுத்துக்கிட்டு நின்னிருந்தா, நாம ரெண்டு பேரும் மரியாதை பேசி முடிக்கிற வரைக்கும் உங்க அண்ணன் மழையில தொங்கிக்கிட்டே கெடந்திருப்பாரு.

வீட்டுவேலைக்கு வந்தவன்னு எழுதிருக்கீங்க. வந்தேன், நெசந்தான். அந்தச் சம்பளம் உங்க அம்மா செத்த வருஷத்தோட நின்னுபோச்சு. அதுக்கப்புறம் இத்தனை வருஷம் சம்பளமில்லாம எந்த வேலைக்காரி இருப்பா? நாங்க ஒரே கட்டில்ல படுத்தோம். காலேஜுல பாடம் சொன்ன பொம்பளைக்கு இத எழுதிக் காட்ட வேண்டியிருக்குது பாருங்க. ஆகஸ்ட் ஆகஸ்ட்டுக்கு வந்து தங்கினீங்களே, எங்க ரெண்டு பேருக்கும் எத்தனை படுக்கை விரிச்சிருக்குன்னு ஒருநாளும் கண்ணுல படலியா?

ஏன் கட்டிக்கலன்னு கேப்பீங்க. உங்க அம்மா இருந்தவரைக்கும் அவர் வாயத் தொறக்க பயந்தாரு. அம்மா போனப்புறம் ரெண்டு பேருக்கும் வெக்கம். "இந்த வயசுல பாதிரியார் முன்னாடி போய் நின்னா மாடுகூட சிரிக்கும் நெட்டா"ன்னுவாரு. அப்புறம் கன்னு போடுற காலம் வந்துடும், பேச்சு நின்னுடும்.

வக்கீல் பிர்னியப் போய்ப் பாத்தேன். புருஷன் பொண்டாட்டியா ஒண்ணா வாழ்ந்து, ஊரும் உறவும் அப்படியே ஏத்துக்கிட்டா, மோதிரம் இல்லாட்டியும் இந்த நாட்டுல அது கல்யாணம்தானாம். கோர்ட்டு அப்படிச் சொல்லிட்டா வீட்ட விட்டு என்னை யாரும் கெளப்ப முடியாதாம். "ஊர் சொல்லும்மா, உறவு சொல்லுமா? அவர் தங்கச்சி உன்னை எப்படிக் கூப்பிடும்?"னு கேட்டாரு. "'நெட்டா, வெந்நீர் என்னாச்சு'ன்னு கூப்பிடும்"னேன். மனுஷன் கண்ணாடியக் கழட்டித் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

உறவுன்னு நீங்க ஒருத்தர்தான் மிச்சம். நீங்க 'அவ பொண்டாட்டி இல்ல'ன்னு சத்தியம் பண்ணினா நான் மே மாசம் பெட்டியத் தூக்கணும். போறதுக்கு இடம் கெடையாது. கெஞ்சல, தெரிஞ்சுக்கங்கன்னு எழுதுறேன்.

கல்லத் தேய்க்கிறேன். காத்து அடங்கட்டும்.

நெட்டா இம்லாக்

---

எடின்பரோ
24 பிப்ரவரி 1984

நெட்டா இம்லாக்குக்கு,

வக்கீல் பிர்னி சொன்ன சட்டம் சரியானது. அவர் சொல்ல மறந்தது, அதை நிறுவுவது எவ்வளவு கடினம் என்பதை. ஊரும் உறவும் ஐயத்துக்கிடமின்றி ஏற்றிருக்க வேண்டும். நான் ஏற்றதில்லை. நீ நின்றுகொண்டு பரிமாறினாய். நானும் அண்ணனும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் மேலே தூங்கப் போன பிறகு அந்த வீட்டில் யார் எங்கே படுத்தார்கள் என்று ஆராய்வது விருந்தாளியின் வேலையல்ல. சத்தியம் செய்யச் சொன்னால் எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்வேன். மாணவர்களின் காகிதங்களில் "ஆதாரம் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதியே வயதானவள், இரக்கத்தின்பேரில் ஒரு பொய்யைப் பதிவுசெய்ய மாட்டாள். அத்துடன், நீ இன்றுவரை இம்லாக் என்றே கையெழுத்திடுகிறாய். அதையும் நீதிமன்றம் கவனிக்கும்.

உன் நிலையில் அந்த வீட்டில் இருந்தவள் நீ மட்டுமல்ல. அதில் அவமானமும் இல்லை. 1735இல் பாதிரியார் வீடுவீடாகப் போய் எழுதிய பெயர்ப்பட்டியலில் ஜானுக்குக் கீழே பார்பரா ஷாண்ட் என்றொருத்தி வருகிறாள். உழவர்கள், இடையன் ஆகியோருடன் அவளையும் என் புத்தகத்தில் வேலையாட்களின் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். எங்கள் குடும்பத்துக்கு மூலமான அந்த மனைவி யார் என்பதுதான் இன்னும் அகப்படவில்லை. கல்தான் சொல்ல வேண்டும். காற்று அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

கிரிசல் எஸ்லமாண்ட்

---

பிளேர்டாக்
15 மார்ச்

மிஸ் எஸ்லமாண்ட்,

நீங்க அனுப்புன ஏலக்காரன் வந்துட்டுப் போனான். வீடு பூரா நம்பர் சீட்டு ஒட்டிட்டான். அலமாரி, கடிகாரம், பால்கொடம், அலிக்கோட பூட்ஸு. நான் அடுப்போரமா உக்காந்து உருளைக்கெழங்கு தோல் சீவிக்கிட்டிருந்தேன். "கொஞ்சம் எந்திரிங்கம்மா, நாற்காலிக்கு நம்பர் ஒட்டணும்"னான். "எனக்கும் ஒண்ணு ஒட்டிட்டுப் போப்பா, சேத்தே தூக்கிடுவாங்க"ன்னேன். பாவம், காது செவந்துபோச்சு. நான் எந்திரிக்கல. அந்த நாற்காலிக்கு மட்டும் சீட்டு இல்ல.

கல்லத் தேய்ச்சு இதோட வச்சிருக்கேன். கார்ன்ஹில்காரர்தான் ஏணியப் பிடிச்சாரு. "விழுந்து கிழுந்து வச்சிடாதம்மா, இன்னொரு அடக்கத்துக்கு என் முட்டி ஒத்துக்காது"ன்னு கீழேர்ந்து ஒரே சத்தம். கொத்தினவன் அவசரத்துல கொத்திருக்கான், அடிவரைக்கும் உளி போகல. காகிதத்த வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. மொத எழுத்துல ரெண்டு தொப்பை தெரியுது. ரெண்டாவது புழு மாதிரி நெளியுது. B, S. பார்பரா ஷாண்டோட எழுத்துதான். உழவனுங்களோட சேத்து வச்சேன்னு எழுதினீங்களே, அதே பொம்பள.

யார் கொத்தினதுன்னு அலிக் எங்கிட்ட சொல்லிருக்காரு. உங்க தாத்தா. சர்ச்சுல ஊர் ஒழுக்கத்த விசாரிக்கிற மூப்பராக்குறாங்கன்னு தெரிஞ்சதும் தானே ஏணி போட்டு ஏறினாராம். கோயில்ல வச்சுக் கட்டாதவ பேரு நம்ம தலைக்கு மேல இருந்தா நாளைக்கு எவனையும் நான் கண்டிக்க முடியாதுன்னாராம். அலிக்குக்கு உங்க அப்பா சொன்னது. உங்ககிட்ட மட்டும் சொல்லாதேன்னும் சொன்னாராம், "அவ எழுதி வச்சிடுவா"ன்னு.

நெட்டா

---

எடின்பரோ
22 மார்ச் 1984

நெட்டா இம்லாக்குக்கு,

காகிதம் கிடைத்தது. சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தேன். நீ சொல்லும் எழுத்துகள் தெரிகின்றன. மிக வசதியாகத் தெரிகின்றன.

எந்த ஆவணத்தைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது யாருக்குப் பயன்படுகிறது என்பதே. பார்பரா ஷாண்டின் பெயரை நான்தான் உனக்குச் சொன்னேன். சில வாரங்களில் அவளுடைய எழுத்துகள் கல்லில் முளைக்கின்றன. கூடவே என் தாத்தாவைப் பற்றி, எழுத்தில் எங்கும் இல்லாத, சாட்சிகள் எல்லாரும் இறந்துபோன ஒரு கதை. பாதிரியாரின்றிச் சேர்ந்த ஒருத்தி அந்த வீட்டின் எசமானியாக இருந்தாள் என்று நிறுவுவதால் இன்று நன்மை அடையக்கூடியவர் ஒருவர்தான். ஏணியின் மேல் நின்றவரும் அவரே. கையில் மெழுகு மட்டும்தான் இருந்ததா, ஆணியும் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

நான் குற்றம் சாட்டவில்லை. கேட்கிறேன்.

கிரிசல் எஸ்லமாண்ட்

---

பிளேர்டாக்
28 மார்ச்

மிஸ் எஸ்லமாண்ட்,

கல்லுல எழுத்து வெட்டத் தெரிஞ்சிருந்தா எதுக்குங்க அடுத்தவ எழுத்த வெட்டப்போறேன்? என் எழுத்தையே, N-உம் I-யும், வெட்டிருப்பேன். அது எல்லாம் நேர்க்கோடு, சுலபம்.

திருடின்னு நேரா எழுதிருக்கலாம். மை மிச்சமாகிருக்கும்.

இனிமே எதுன்னாலும் வக்கீலுக்கு எழுதுங்க. இந்த வீட்டுக்கு எழுதாதீங்க. நான் பிரிக்க மாட்டேன்.

நெட்டா இம்லாக்

---

எடின்பரோ
19 ஏப்ரல் 1984

நெட்டா,

பிரிக்க மாட்டேன் என்றாய். உறையைக் கெட்டிலின் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டிவைப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஆவணக் காப்பகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பொய்யாக்கப் போனேன் என்பதை மறைக்கவில்லை. நம் ஊர்ச் சபை மூப்பர்களின் பழைய குறிப்பேடு எலி தின்றது போக மிச்சமிருக்கிறது. 1731 நவம்பரில் ஜான் எஸ்லமாண்டையும் பார்பரா ஷாண்டையும் அவர்கள் விசாரித்திருக்கிறார்கள். ஜானின் பதில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது: "அவ என் பொஞ்சாதி. களத்துல ரெண்டு பேரு பாக்க வச்சுக் கையப் பிடிச்சேன். ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியல." பாதிரியாரை விட்டுவிட்டு மணந்த குற்றத்துக்காக இருவரையும் கோயிலில் எல்லார் முன்னும், தவறிழைத்தவர்களுக்கான முக்காலியில் உட்காரவைத்துக் கண்டித்திருக்கிறார்கள். கண்டித்து முடித்ததும், கணவன் மனைவி என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்த கோடையில் ஒரு மூப்பரின் புகார்: அந்தத் திமிர்பிடித்தவன் அவளுடைய எழுத்துகளைத் தன் எழுத்துகளுக்குச் சரிசமமாக, மணந்த ஆண்டையும் நடுவில் போட்டு, வாசல்மேல் வெட்டிவைத்திருக்கிறான்.

ஆகவே எழுத்துகள் அங்கே இருந்தன. உன் கையில் மெழுகு மட்டும்தான் இருந்தது. ஆணி என்று எழுதியது என் தவறு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அவர்களுடைய மகன் ஜேம்ஸ். அவன் வழியில் வந்தவள் நான்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. இந்த நாட்டில் மனைவி பிறந்தவீட்டுப் பெயரை விடுவதில்லை. பட்டியலிலும் கல்லறையிலும் அவள் தன் பெயரோடுதான் இருப்பாள். முதல் வகுப்பிலேயே இதை நான் மாணவர்களுக்குச் சொல்வேன். அப்படியிருந்தும் ஷாண்ட் என்ற பெயரைக் கண்டதும் வேலைக்காரி என்று எழுதினேன். உன் கையெழுத்தைக் காட்டி உனக்கு எதிராக வாதாடியதும் அதே முட்டாள்தனம்தான்.

தாத்தாவைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு சொல் இல்லை. மாணவன் எவனாவது இப்படி ஒரு வாய்ச்சொல்லைக் கொண்டுவந்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆனால் "அவ எழுதி வச்சிடுவா" என்பது என் அப்பாவின் குரல். அதை யாராலும் புனைய முடியாது.

பதில் எழுது.

கிரிசல்

---

எடின்பரோ
10 மே 1984

அண்ணிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. வக்கீல் பிர்னியிடம் கேட்டேன். நீங்கள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டதாகவும், "படிச்சவங்ககிட்ட கல்லே ஜெயிக்க முடியல, நான் எங்க" என்று சொன்னதாகவும் எழுதினார். பெட்டியைப் பிரித்துவிடுங்கள்.

என் வாக்குமூலத்தை நேற்று நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு அவருக்கு அனுப்பிவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களை என் அண்ணன் மனைவியாகக் கருதி வந்தேன் என்று நான் எழுதவில்லை. கருதவில்லை, அதைப் பொய்யாக எழுத மாட்டேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் என்ன நினைத்தேன் என்பது மிக மட்டமான ஆதாரம். ஆண்டுக்கு ஒருமுறை வந்து, நல்ல அறையில் தூங்கி, வெந்நீர் கேட்டுவிட்டுப் போன ஒருத்தியின் அபிப்பிராயம். அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

அதன் கீழே, நான் பார்த்ததை எழுதினேன். ஜனவரி மாதம், பிளேர்டாக் அலிக் எஸ்லமாண்டின் அடக்கத்தில், கார்ன்ஹில் பண்ணைக்காரர் யாரையும் கலந்துகொள்ளாமல், உடன்பிறந்த தங்கை நான் அங்கே நிற்க, என்னைத் தாண்டிச் சென்று, தலைமாட்டுக் கயிற்றை நெட்டா இம்லாக்கின் கையில் கொடுத்தார். பெண்கள் கயிறு பிடிக்காத ஊரில் கொடுத்தார். சுற்றி நின்ற பண்ணைக்காரர்கள், சவப்பெட்டிக்காரர், பாதிரியார், எவர் முகத்திலும் வியப்பு இல்லை. நெருங்கிய உறவு யார் என்பதில் அந்த ஊருக்கு ஒரு கணமும் ஐயம் இருக்கவில்லை. முணுமுணுத்தது ஒரே ஒரு ஆள். அது நான். பிப்ரவரியில் நான் எழுதிய முதல் கடிதத்தையும் வக்கீல் கேட்டால் காட்டுங்கள். கயிற்றைப் பற்றி உங்களுக்கு எதிராக எழுதிய அந்தப் பத்தியைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

நீதிமன்றம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. அது எதைச் சொன்னாலும் நான் பண்ணையை விற்கப் போவதில்லை. ஏலக்காரருக்கு எழுதிவிட்டேன், கோபித்துக்கொண்டார். சீட்டுகளை வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்து ஒற்றி எடுங்கள். கத்தியால் சுரண்டினால் கடிகாரப் பெட்டியின் மெருகு போய்விடும்.

புத்தகத்தில் இரண்டு பக்கங்களைக் கிழித்து மறுபடி எழுதியிருக்கிறேன். பார்பரா ஷாண்ட் உழவர்களை விட்டு மேலே வந்துவிட்டாள். பிளேர்டாக்கில் குடியிருந்தோர் வரிசையின் கடைசி வரி இனி இப்படி முடியும்: அலிக் எஸ்லமாண்ட், அவர் மனைவி நெட்டா இம்லாக். மேற்கோள் குறிப்பில் கயிற்றைக் காட்டியிருக்கிறேன். விமரிசகர்கள் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலோர் என் மாணவர்கள்தான், பயப்படுவார்கள்.

என்னைவிட வயதில் இளையவரை அண்ணி என்று எழுதப் பேனா முதலில் மறுத்தது. உறவு வயதைப் பார்த்து வருவதில்லை என்று அதற்கு விளக்கினேன். இந்த ஒரு சொல்லையும் வக்கீலிடம் காட்டலாம். அதற்காக எழுதவில்லை. ஆனால் காட்டலாம்.

ஆகஸ்டில் வருவேன், நீங்கள் கதவைத் திறந்தால். மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள். உட்காராவிட்டால் நானும் நின்றுகொண்டே சாப்பிடுவேன். என் முழங்கால்களுக்கு அது நல்லதல்ல.

கடைசியாக ஒன்று. எனக்குப் பிள்ளைகள் இல்லை, அண்ணனும் போய்விட்டார். என்னை நம் ஊர்க் கல்லறையில் அவருக்குப் பக்கத்தில்தான் புதைப்பார்கள். என் தலைக் கயிற்றை யார் பிடிப்பது என்று அப்போது ஊரில் பேச்சு வரும். இப்போதே எழுத்தில் வைத்துவிடுகிறேன், ஆதாரம் எங்கே என்று எவரும் கேட்காதபடி: அதை நீங்கள் பிடிக்க வேண்டும். அன்று மழையிலும் கயிறு உங்கள் கையிலிருந்து நழுவவில்லை. பார்த்தேன்.

அவசரம் ஒன்றுமில்லை.

உங்கள் நாத்தனார்,
கிரிசல்